மத்தியானமும் ஓடிய மோட்டார்

பன்னிரண்டரை மணிக்கு அரைப்பு முடிந்ததும் ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பலவேசம் மட்டும் மோட்டாரை நிறுத்தாமல் தன் தூக்குச்சட்டியைத் திறந்தார். அரைக்க ஒரு குத்து நெல் கிடையாது. பெல்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த முகம்மது கனியின் ரைஸ் மில்லில் பதினெட்டு வருஷம், இயந்திரத்தை ஓட்டுகிற நீராவிப் பாய்லருக்குத் தீப் போட்டவர் அவர். காலையில் உமியைத் தள்ளிப் பற்றவைத்தால் பொழுது சாயும்வரை அணையவிடக் கூடாது. அணைந்தால் மறுபடி ஆவி ஏறுவதற்குள் உயிர் போய்விடும். அதனால் அரைப்பு இல்லாத மத்தியானத்திலும் தீ எரியும். வண்டி வண்டியாக உமி தின்கிற அந்தப் பாய்லரை அவர் ஏசாத நாளில்லை. ஆனால் சாரல் பிடித்துவிட்டால், அரிசி புடைக்கிற பெண்கள் நனைந்த சேலையோடு ஓடிவந்து அதன் முன்னால்தான் உட்காருவார்கள். கஞ்சியைச் சூடாக்குவார்கள், மாமியார்களை வைவார்கள், பலவேசத்தின் துவையலில் பங்கு கேட்பார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் குடும்பம்.

உலகச் சண்டை முடிகிற சமயத்தில் பாபநாசம் அணையிலிருந்து கரண்ட் வந்தது. பாய்லரைக் கழற்றி விற்றாயிற்று. ஆட்டுரல் அளவு மோட்டார் ஒன்று அத்தனை வேலையையும் செய்தது. புகை இல்லை, சாம்பல் இல்லை, சூடும் இல்லை. முதலாளி நல்லவர், பலவேசத்தையே மோட்டாருக்கும் வைத்துக்கொண்டார். கைப்பிடியைத் தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். தீ போன பிறகு பெண்கள் எதிரே காப்பிக்கடைக்குத்தான் சாப்பிடப் போவார்கள் என்று அவர் நினைத்தார். முதல் நாள் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தனியே சாப்பிட உட்கார்ந்ததுமே, தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டது. அவரால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய்க் கைப்பிடியைத் தள்ளினார். அன்று தொடங்கியது இது.

இன்று முதலாளி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மீட்டர் பார்க்க வந்தவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"அரைப்பு இல்லயே, மோட்டார் என்னத்துக்கு வே ஓடுது?"

"பழக்கம் மொதலாளி. அணையவிடக் கூடாதுன்னே கெடந்துட்டனா..."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதென்ன நெருப்பா, வே? சும்மா ஓடினாலும் கரண்டத் திங்கும். இனிமே மத்தியானம் சத்தம் கேக்கக் கூடாது."

பொய்யை அவர் நம்பியதில் பலவேசத்துக்குக் கொஞ்சம் நிம்மதி. உண்மையைச் சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும். கைப்பிடியை இழுத்தார். முதலாளி போன பிறகு ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் புடைக்கிறவர்களில் மூத்தவளான முத்துவடிவு சுளகைத் தலைக்குமேல் பிடித்தபடி வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, மோட்டார் நின்னுட்டு? கெட்டுப்போச்சோன்னு பாக்க வந்தேன்."

"இல்ல, நான்தான் நிறுத்துனேன்."

"ரெண்டு மாசமா மத்தியானமும் ஓடுச்சுல்லா. மொத நாலு நாள் சட்டியத் தூக்கிட்டு இங்கன வாசல் வரைக்கும் வந்தோம். சத்தத்தக் கேட்டதும், வேலையா இருக்கியன்னு திரும்பிட்டோம்."

பலவேசத்தின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"தீ இல்லாமலா வந்திய?"

"தீ இல்லாட்டா என்ன, தொவையல் இருக்கும்லா." முத்துவடிவு சிரித்தாள். "இப்ப காப்பிக்கடக்காரரு எங்களுக்குன்னு பெஞ்சே போட்டுட்டாரு. நீங்க சாப்பிடுங்க, வாரேன்."

அவள் ரோட்டைக் கடந்து போனாள். பலவேசம் வாசல்வரை வந்தார். கூப்பிட வேண்டும் என்று இருந்தது; என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் பெஞ்சில் இருந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். அவர் எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தார். விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.