வலது பக்கத்துப் பின் ஸ்பீக்கர்

பெட்டியை வீட்டுக்குள் தூக்கி வருவதற்கு முன்பே கண்ணாடிக்காரர் மூன்று பேரிடம் காரணம் சொல்லி முடித்திருந்தார். கடையில் விற்பனைக்காரனிடம், "எங்கப்பாவுக்கு வாங்குறேன், காது கொஞ்சம் மந்தம்" என்றார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட எதிர்வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார். கதவைத் திறந்த மனைவியிடம், அவள் வாயைத் திறப்பதற்குள் சொன்னார். ஒரு பொருளை வாங்கிய மனிதர் கேட்காத ஆளிடமெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தால், அந்தக் காரணத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அது அவருக்கே தெரியும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நடந்தது இதுதான். வீட்டில் பேசி வைத்திருந்தது பெரியவருக்கு, அதாவது கண்ணாடிக்காரரின் அப்பாவுக்கு, காது மெஷின் வாங்குவதைப் பற்றி. மருமகள் காது பரிசோதனைக்கு நேரம்கூட வாங்கி வைத்துவிட்டாள். வாலிபம் முழுக்க அச்சகத்தில் ஓடும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றவர் பெரியவர். அந்த இரைச்சலில்தான் மகன் படித்தான், கண் பரிசோதிக்கும் வேலை கற்றான், கண்ணாடிக் கடையில் சேர்ந்து நாலு பேர் மதிக்கும்படி ஆனான். அந்தப் பெரியவர், "எனக்கெதுக்குடா மெஷினு? டிவி சத்தம் கொஞ்சம் தூக்கலா இருந்தாப் போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று கண்ணாடிக்காரர் பெயர் எடுத்ததே கிடையாது. அன்றைக்கு மட்டும் அது வேதவாக்காகிவிட்டது. பரிசோதனை வேண்டாம் என்று மனைவியை விட்டே சொல்லச் சொன்னார். கடை வாசலில் பல மாதமாக நின்று நின்று ஏங்கிய ஐந்து ஸ்பீக்கர் செட், இருப்பதிலேயே மலிவான ரகம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வந்து சேர்ந்தது.

"மாமாவுக்குத்தான?" என்றாள் மனைவி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு அவரும் நாலு வார்த்தை சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பார்.

கூடம் அப்படியொன்றும் பெரியதில்லை. ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினால்தான் நடுவில் ஒருவர் நடக்க முடியும். அதற்குள் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையில் கனமான ஒரு மரப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்தாக வேண்டும். இடது பின் ஸ்பீக்கர் புத்தக அலமாரி மேல் ஏறியது. வலது பின் ஸ்பீக்கருக்கு ஒயர் எட்டவில்லை. மலிவு ரகத்தில் ஒயரையும் சிக்கனமாகத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது. இழுத்துப் பிடித்து, துணி தேய்க்கும் மேஜையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் உட்கார வைத்தார். தேய்க்க வேண்டிய துணியெல்லாம் மகளின் கட்டிலுக்குப் போனது. பள்ளிக்கூடம் முடிக்கப்போகும் வயதில் இருந்த மகள், "என் ரூமு என்ன குடோனா?" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்து சோபாவில் சாய்ந்தாள்.

கடைசியில் மிச்சம் இருந்தது பெரியவரின் நாற்காலி. அது டிவிக்கு ஒரு கை தூரத்தில் கிடக்கும். அங்கே உட்கார்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி, செய்தி வாசிக்கும் பெண்ணின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்ப்பார். "அவ்வளவு கிட்ட உக்காந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று கண்ணாடிக்காரர் பல முறை கடிந்துகொண்டதுண்டு. செட்டோடு வந்த படத்தில் நாற்காலி போடும் இடம் கூடத்தின் நடுவில் என்று இருந்தது. ஐந்து சத்தமும் சரியாக வந்து சேரும் இடம் அதுதானாம். நாற்காலியைத் தூக்கிப் பின்னால் கொண்டுவந்து போட்டார். பெரியவர் அந்த இடத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கயாடா?"

"இதுதாம்பா ராஜா சீட்டு. உக்காருங்க."

பெரியவர் உட்கார்ந்தார்.

முதலில் சோதனைச் சத்தம். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் குக்கர் சீறுவதுபோல ஒரு இரைச்சல் வரும். எதிலிருந்து வருகிறதோ அந்த ஸ்பீக்கரின் படம் டிவி திரையில் வெள்ளையாக மின்னும். கண்ணாடிக்காரர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் நின்றார். உற்சாகத்தில் அவருக்கே வயது இருபது குறைந்துவிட்டது.

"இடது முன்பக்கம். கேக்குதாப்பா?"

"ஆங், கேக்குது."

"நடுவுல?"

"பேஷா கேக்குது."

இப்படியே வலது முன்பக்கம் வந்தது. அடுத்து வலது பின்பக்கத்துப் படம் மின்னியது. கண்ணாடிக்காரரின் கவனம் முழுக்க அப்பாவின் முகத்தில்தான் இருந்தது.

"கேக்குதா?"

"பின்னாடி இருந்து சும்மா அள்ளுதுடா!" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுத் திரும்பி, தேய்க்கும் மேஜை மேல் இருந்த ஸ்பீக்கரை ஒரு முறை மெச்சுதலாகப் பார்த்தார்.

கண்ணாடிக்காரருக்குக் காற்றில் மிதப்பதுபோல இருந்தது. அப்பாவுக்கென்று வாங்கியதை அப்பாவே மெச்சுகிறார். காலையிலிருந்து உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியது. அடுத்தபடியாக ஒரு காட்டுப் படத்தைப் போட்டார். இடி இடித்தபோது தரையில் இருந்த மரப்பெட்டி அதிர்ந்து, சமையலறைப் பாத்திரங்கள் கலகலத்தன. பெரியவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது. "அடேயப்பா, கால்ல ஏறுதுடா!" என்று பாதத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். ஏதோ ஒரு விலங்கு இடது பக்கம் பின்னால் உறுமியது. மகள் சட்டென்று திரும்பினாள். பெரியவரும் திரும்பினார், பேத்தி திரும்பிய பிறகு. வயசாகிவிட்டது, கழுத்து மெதுவாகத்தான் திரும்பும் என்று கண்ணாடிக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் மகள் சொன்னாள்: "அப்பா, வலது பக்கம் பின்னாடி ஒண்ணுமே வரல."

"வருதே. தாத்தாவே சொன்னாங்களே."

"வரலப்பா. அப்பவே வரல. நீங்க வேணா காத வச்சுப் பாருங்க."

தேய்க்கும் மேஜைப் பக்கம் போய்க் குனிந்து காதை வைத்தார். மூச்சுப் பேச்சில்லை. பின்னால் கையை விட்டுத் தடவினால், இழுத்துக் கொண்டுவந்த ஒயர் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. முதலிலிருந்தே மாட்டவில்லை.

ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றார். இந்த வித்தை அவருக்குப் புதிதா என்ன? கடையில் தினமும் பார்ப்பதுதான். ஒரு கண்ணால் படித்த எழுத்துகளை மனப்பாடம் பண்ணி, பார்வை இல்லாத அடுத்த கண்ணுக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கேட்டால், "நல்லாத் தெரியுதுங்க" என்பார்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுத்து அட்டையை மாற்றிவிடுவார். உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். ஊர்பேர் தெரியாத ஆட்களிடம் எல்லாம் இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவிடம் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தாரா? செய்தி வாசிப்பவளின் உதட்டைப் பார்ப்பதற்குத்தானே அந்த நாற்காலி அவ்வளவு கிட்டத்தில் கிடந்தது. அதையும் இன்றைக்குத் தன் கையாலேயே பின்னால் தள்ளிப் போட்டாயிற்று.

ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. ஒயரை மாட்டினார். மனைவியையும் மகளையும் சமையலறைக்குப் போகச் சொன்னார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். டிவியை அணைத்தார். திரை கறுத்தது. அப்பாவின் முதுகுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, சோதனைச் சத்தத்தைப் போட்டு, முழுசாகக் கூட்டினார்.

வீடே சீறியது. இரைச்சல் முன்னால் ஒரு மூலையில் கிளம்பி, நடுவுக்கு வந்து, அடுத்த மூலைக்குப் போய், பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் வந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும், யாரோ என்னவோ கேட்கும் சத்தமும் நடுவில் வந்தன. பெரியவர் கறுத்த திரையைப் பார்த்தார். பேத்தி இருந்த இடத்தைப் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முறை வரட்டும் என்று காத்திருப்பவர்போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். இரைச்சல் அவரை இரண்டு தடவை சுற்றி வந்தது.

"என்னடா," என்றார் திரையைப் பார்த்தபடியே, "இன்னும் ஆரம்பிக்கலையா?"

கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் அணைத்தார். அணைத்துவிட்டுத்தான் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் வந்தார். பெரியவர் மகனின் முகத்தைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆங், வந்துருச்சு, வந்துருச்சு," என்றார் அவசர அவசரமாக. "இப்ப நல்லா கேக்குதுடா. பின்னாடிகூட ஜோரா கேக்குது."

வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. சமையலறையில் மகள் எதையோ கேட்க வாயெடுத்ததும், மனைவி அவளை அடக்கியதும் தெளிவாகக் கேட்டன.

கண்ணாடிக்காரர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். தன் வாய் அப்பாவின் கண்ணுக்கு நேராக இருக்கும்படி முகத்தை நிமிர்த்தினார். வீட்டில் இதுவரை யாருமே இப்படிச் செய்ததில்லை.

"அப்பா. இது உங்களுக்கு வாங்கல. எனக்காக வாங்கினேன். திருப்பிக் குடுத்துடறேன். நாளைக்குக் காது காட்டப் போவோம்."

பெரியவர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு நேரத்தில் முதன்முறையாக அவர் முகத்தில் தவிப்பு இல்லை.

"அது எனக்குத் தெரியாதாடா?" என்றார் மெதுவாக. "ஜன்னல் வழியா உன் வாயப் பாத்தேனே, எதிர்வீடு வரைக்கும் எனக்குன்னு சொல்லிட்டு வந்திருக்க. இப்போ போய்த் திருப்பிக் குடுத்தா உன்னத்தான கேவலமா நினைப்பாங்க? அதெல்லாம் வேண்டாம். நீ போடு. நான் கேக்குறேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக, மகனின் முகத்தையே பார்த்தபடி தயாராக இருந்தார்.