புளியடி வெளியின் வேலி

இது நடந்தது எண்பத்துநாலிலா எண்பத்தைந்திலா என்று எனக்குத் திடமாகச் சொல்ல முடியவில்லை. வேலியில் எத்தனை கதியால், அதாவது நட்டால் துளிர்க்கும் கம்பு, நின்றது என்பதையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அதைப் பிடுங்கத் தொடங்கியவள் நாகேஸ்வரி என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

நாகேஸ்வரி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்துக் கொடுப்பவள். அதிகம் பேசமாட்டாள். கடை பூட்டியதும் ரயில் பாதையோரம் இருந்த புளியடி வெளிக்குப் போய் அரைமணி நேரம் சும்மா இருப்பாள். சுற்றிவர எல்லா வீட்டு வளவும் தென்னங்கிடுகு வேலிக்குள் அடைந்து கிடந்த அந்த ஒடுங்கிய ஒழுங்கையில், வானம் முழுதாகத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் சந்தைக் குப்பை கிடந்தது. உள்ளூராட்சிச் சபையின் ட்ரக்டர் கொட்டிவிட்டுப் போயிருந்தது.

ஒழுங்கை முழுதும் கையெழுத்து வாங்கிப் பெட்டிசம் எழுதிக்கொண்டு சபைக்குப் போனாள். குப்பைக்குப் பொறுப்பான ஆழ்வாப்பிள்ளை அதை வாசிக்காமலே மடித்தார்.

"பிள்ளை, உது வேலியில்லாத காணி. வேலி இல்லாட்டி ஆளில்லை எண்டுதானே அர்த்தம்? குப்பையை வேறை எங்கை கொட்டுறது, உம்மடை வீட்டு முத்தத்திலையோ?"

"உங்கடை முத்தத்திலை கொட்டுங்கோ ஐயா. அங்கை நல்ல உயரமான வேலி நிக்குது, ஒருத்தருக்கும் தெரியாது."

பக்கத்து மேசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

அன்று மாலை ஒழுங்கையே புளியமரத்தடியில் கூடியது. "வேலிதானே கேக்கிறார்? அடைச்சுக் காட்டுவம்!" என்றான் சைக்கிள் திருத்தும் மார்க்கண்டு. வேலி என்றதும் சனத்துக்கு உசார் வந்துவிட்டது. ஒரு சாண் எல்லைக்காகக் கோடேறி வழக்காடியவர்கள்கூடக் கதியாலும் கிடுகும் கொண்டுவந்து கொடுத்தார்கள். குப்பையை அள்ளிப் புதைத்து, ஞாயிறு பொழுதுபடுவதற்குள் வெளியைச் சுற்றி அடைத்து வாசலுக்குப் படலையும் வைத்தார்கள். ட்ரக்டர் வரவில்லை. வென்றுவிட்டோம் என்று நாகேஸ்வரி நினைத்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் போகவில்லை. அடைத்த வளவுக்குள் காரணமில்லாமல் கால் வைப்பது எங்கள் வழக்கமல்ல. நாகேஸ்வரியே படலை வரை போய்த் திரும்பினாள், யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் நிற்பது போலக் கூச்சமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் நாற்றம் வந்தது. ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு படலையைத் திறந்தாள். மீன் செதில், பிய்ந்த பாய், பழஞ்சீலை. இது சந்தைக் குப்பையல்ல, ஒழுங்கையின் குப்பை. அவரவர் தம் பக்க வேலிக்கு மேலால் எறிந்தது. மார்க்கண்டு கடையின் சைக்கிள் ரியூப் துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் விளிம்பு உடைந்த ஒரு சட்டி. அவளுடைய சட்டி. ஒரே ஒரு நாள்தான் எறிந்தாள்.

சனிக்கிழமை ஆழ்வாப்பிள்ளை சைக்கிளில் வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அட, எங்களுக்கு வேலை மிச்சம்! குப்பைக் கிடங்கை நீங்களே அடைச்சுத் தந்திட்டியள். திங்கள் ட்ரக்டர் வரும்."

ஞாயிறு காலை நாகேஸ்வரி குழி தோண்டும் அலவாங்கோடு வந்தாள். கதியால்கள் வேர்விட்டுத் துளிர்த்திருந்தன; மூன்றாவதிலேயே கை உரிந்துவிட்டது.

மார்க்கண்டு ஓடிவந்தான். "அக்கா, விசரே உங்களுக்கு? இஞ்சை ஆரும் வேலி பிடுங்கினவையோ? உது நான் தந்த கதியால்!"

"கொண்டு போ. உன்ரை ரியூப் துண்டும் உள்ளை கிடக்கு, அதையும் கொண்டு போ."

"நான் மட்டுமே எறிஞ்சனான்?"

"இல்லை. என்ரை சட்டியும் கிடக்கு." அவள் உள்ளே போய் அதை எடுத்துவந்து ஒழுங்கையின் நடுவில் எல்லாரும் காண வைத்தாள். "இனி மறைச்சு எறிய ஏலாது. எறியிறவை எல்லாருக்கும் முன்னாலை எறியட்டும்."

மார்க்கண்டு சட்டியைப் பார்த்தான். பிறகு போட்டிருந்த சேட்டைக் கழற்றிப் படலையில் போட்டுவிட்டு நாலாவது கதியாலைப் பிடித்தான். மத்தியானத்துக்குள் வேலி முழுதும் விழுந்தது. ஒழுங்கையில் உள்ளவர்கள் வந்து தங்கள் தங்கள் குப்பையைத் தலை குனிந்தபடி அள்ளிப் போனார்கள். சிலர் பெருமூச்சோடு, சிலர் அவளைத் திட்டிக்கொண்டு.

திங்கள் ட்ரக்டர் வந்தபோது நாகேஸ்வரி வெளியின் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒழுங்கைச் சனம் அவள் பின்னால் நின்றது.

"வேலி எங்கை?" என்றார் ட்ரக்டரோடு வந்த ஆழ்வாப்பிள்ளை.

"பிடுங்கியாச்சு. ஆளில்லாத காணியெண்டு சொன்னனீங்கள். எண்ணிப் பாருங்கோ."

அவர் எண்ணவில்லை. ட்ரக்டர் பின்பக்கமாகவே ஒழுங்கையால் போனது.

ஆழ்வாப்பிள்ளை மூன்று வருடத்தில் ஓய்வு பெற்று மகளுடன் கொழும்புக்குப் போனார். சந்தைக் குப்பை கொஞ்சநாள் வேறு ஊர் வெளியொன்றில் விழுந்தது. மார்க்கண்டு தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டையால் ஊர் முழுதும் இடம்பெயர்ந்தபோது கொடிகாமம் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். அங்கேயே காய்ச்சலில் இறந்தான். நாகேஸ்வரி ஊர் வெறுமையான கடைசி நாள் வரை சங்கக்கடையில் இருந்தாள், பிறகு அவளும் சாவகச்சேரிப் பக்கம் போனாள். சனம் போன அன்று வெளி துப்புரவாகத்தான் கிடந்தது.