கத்திக்குப் பயந்தவள்

இரண்டாவது பையன் பிறந்தபோதே அனுசியா தப்பித்துவிட்டாள். இரண்டும் சுகப்பிரசவம். கையோடு கருத்தடையும் முடித்துவிடலாம் என்று தென்காசி ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டினார்கள். அவளுக்கோ மூன்றாவதாக ஒரு பெண் வேண்டுமென்று கொள்ளை ஆசை. வெளியே சொன்னால் மாமியார் முதல் மளிகைக்கடைக்காரர் வரை, இந்தக் காலத்தில் மூன்றா என்று சிரிப்பார்கள். அதனால், "கத்தின்னா எனக்கு பயம்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

அந்தப் பொய் நான்கு வருடம் அவளைக் காப்பாற்றியது. கிராம செவிலியர் சங்கரேஸ்வரி வீடு தேடி வந்து கேட்கும்போதெல்லாம் கைகால் நடுங்கிக் காட்டுவாள். நடிப்பில் குறைவைக்க மாட்டாள். குற்றாலம் பஸ்ஸில் சடை பின்னிய சிறுமி யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால், இறங்கும் இடம் வந்தும் அவளுக்கு எழுந்திருக்க மனம் வராது.

கார்த்திகை மாதம், ஐயப்ப பக்தர்கள் அருவிக்கரையில் குவிந்துகிடந்தார்கள். ஐந்தருவிப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் முத்துச்செல்வம், அந்த வியாபாரத்தையும் விட்டுவிட்டு மத்தியானமே ஆட்டோவில் வந்து இறங்கினான். காலை அகட்டி அகட்டி நடந்தான். பின்னாலேயே சங்கரேஸ்வரி, வாயெல்லாம் சிரிப்பு.

"நீ குடுத்து வச்சவ அனுசியா. என் நோட்டுல பூரா பொம்பளைய பேருதான். இந்த வருசம் ஆபரேசன் பண்ணிக்கிட்ட ஆம்பளை இவரு ஒருத்தருதான்."

அனுசியா கணவனின் நடையை மறுபடி பார்த்தாள்.

கட்டிலில் சாய்ந்தவன் முகத்தில் வலியைவிடப் பெருமைதான் அதிகம். "இனி ஒனக்கு அந்தப் பயம் வேண்டாம்ட்டி. பத்து நிமிசந்தான்."

"என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா?"

"நாலு வருசமா கேட்டுக்கிட்டுதான இருக்கேன். பயமா இருக்குன்னுதான சொல்லுத."

ஊரில் எந்த ஆணும் செய்யாததை அவளுக்காகச் செய்துவிட்டு வந்திருக்கிறான், திட்டவும் வழியில்லை. பிறக்காத பிள்ளையை நினைத்து அழுகை முட்டியது.

சங்கரேஸ்வரி ஆணுறைப் பொட்டலத்தை நீட்டினாள். "மூணு மாசத்துக்கு இது கட்டாயம். அதுக்குள்ள கரு நின்னாலும் நின்னுரும். பொறவு டெஸ்ட் பண்ணித்தான் முடிவு சொல்லுவாங்க."

அனுசியா அதை வாங்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"எனக்குக் கத்தின்னா பயமே கிடையாதுங்க. பொம்பளப் பிள்ள ஒண்ணு வேணும். அதுக்குத்தான் பொய் சொன்னேன்."

முத்துச்செல்வம் எழப் பார்த்து, வலி தாங்காமல் மறுபடி சாய்ந்தான்.

"இத நேத்து சொல்லியிருக்கலாம்லாட்டி."

பொட்டலத்தை நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சங்கரேஸ்வரி நின்றாள்.

"மூணு மாசம் இருக்குல்லா," என்றாள் அனுசியா.