மெஷின் ஆட்டும் தூளி

விடியற்காலை ஐந்து மணிக்குக் கந்தல் ஆலையின் கதவு திறக்கும். ஐந்தேகாலுக்குள் நெட்டை தன் மெஷின் முன்னால் நின்றாக வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. உயரத்தைப் பார்த்து ஆலை வைத்த பெயர்தான் நிலைத்தது. தோளில் தூங்கும் மகளை இறக்கி, காலடியில் சாக்கை விரித்துக் கிடத்துவாள். பிறகு பழந்துணி மூட்டையை அவிழ்த்து, பிடிபிடியாக அள்ளி, சுழலும் இரண்டு முள்ளுருளைகளுக்கு நடுவே கொடுப்பாள். உருளைகள் துணியை வெடுக்கென்று இழுத்து, பஞ்சாகக் கிழித்து அந்தப் பக்கம் துப்பும். மூக்கு, தொண்டை, கண்ணிமை எங்கும் தூசி. மத்தியானத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போகும்.

பிள்ளைகளை ஆலைக்குக் கொண்டுவருவது அங்கே வழக்கம். வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? புருஷன்மார் லாரியோடு போனால் திரும்ப வாரக்கணக்காகும். கைக்குழந்தைகளுக்கு மெஷினின் இரும்புச் சட்டத்திலேயே தூளி கட்டிவிடுவார்கள். அதிர்வில் தூளி தானாக ஆடும். பிள்ளை அசந்து தூங்கும். "ஆயா வேலையும் இதே பாத்துக்குது, சம்பளமும் கேக்கறதில்ல" என்று சிரிப்பார்கள். பாழாய்ப்போன சிரிப்பு.

மூட்டைக்கான கூலியைக் குறைத்த பிறகு அந்தச் சிரிப்பும் அடங்கியது. உருளைகளின் மேல் ஒரு தகரமூடி இருந்தது. மூடி இருந்தால் சின்னப் பிடிதான் உள்ளே போகும், மூட்டை தீராது. ஆகவே பெண்களே திருப்புளி கொண்டு அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். முதலாளி பார்த்தார், பார்த்தபடியே கடந்து போனார். தூளி வயதைத் தாண்டிவிட்ட நெட்டையின் நாலு வயது மகள், அம்மாவுக்குத் துணி எடுத்துக் கொடுக்கப் பழகினாள். "என் கெட்டிக்காரி" என்று நெட்டை உச்சி முகர்ந்தாள். அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து மாய்கிறாள்.

அன்றைக்கு அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் திரும்பினாள். அவ்வளவு நேரம்தான். அம்மா செய்வதைப் பார்த்திருந்த பிள்ளை, தானே துணியை உருளைக்குக் கொடுத்தது. எதிர் மெஷினில் நின்ற, ஆலையே பெரியக்கா என்றழைக்கும் பெண் பாய்ந்துவந்து விசையை அணைத்தாள். அதற்குள் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்டம் நின்றதும் நாலு தூளிகளிலும் கிடந்த பிள்ளைகளெல்லாம் விழித்துக்கொண்டு வீறிட்டன.

பத்தாம் நாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரியில் மகளுக்குத் துணையாக அவள் அப்பனை வைத்துவிட்டு நெட்டை வந்தாள். கூடவே பெரியக்காவும் உள்ளே நுழைந்து சுவரோரம் நின்றாள். மேசைமேல் ஒரு தாள் இருந்தது.

"இதுல கையெழுத்துப் போடும்மா. தாயோட கவனக்குறைவால நடந்ததுன்னு எழுதியிருக்கு. உள்ளதுதானே? போட்டுட்டு நாளையிலேருந்து வேலைக்கு வா. பிள்ளையை மட்டும் கூட்டிட்டு வராதே."

"மூடியை மாட்டுவீங்களா?" என்று கேட்டாள் பெரியக்கா.

"கழட்டினது நானா? பெத்தவளுக்கு இல்லாத அக்கறை அடுத்தவனுக்கு எங்கேருந்து வரும்?"

நெட்டைக்குத் தலை தானாகக் குனிந்தது. பத்து நாளாகக் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. அவர் சொன்னதில் பொய் எது? பிள்ளையை மெஷின் பக்கத்தில் உட்காரவைத்தது அவள். மூடியைக் கழற்றிய கைகளில் அவள் கையும் ஒன்று. பேனாவை எடுத்தேவிட்டாள். ஆனால் இந்தத் தாளில் அவள் பெயர் ஏறிவிட்டால் விவகாரம் முடிந்தது. மூடி மூலையிலேயே கிடக்கும், வெளியே நாலு தூளியும் ஆடிக்கொண்டே இருக்கும். பேனாவைக் கீழே வைத்தாள்.

"என் தப்பு இருக்குங்க. இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். உயிர் இருக்கிறவரைக்கும் நான் அதைச் சுமக்கத்தான் வேணும். ஆனா கூலியைக் குறைச்சது நீங்க. மூடி இல்லாம ஓடுறதைப் பாத்தும் பாக்காத மாதிரி போனதும் நீங்க. அதையும் சேர்த்து எழுதுங்க, போடறேன்."

"அப்போ வேலை கிடையாது."

"சரிங்க."

இருவரும் வெளியே வந்தார்கள். பெரியக்கா சேதியைச் சொன்னதும் பெண்கள் கூடிவிட்டார்கள். களைத்துப்போனவர்களுக்கு நீட்டி முழக்கத் தெம்பில்லை. மூடி மாட்டி, பழைய கூலியைக் கொடுத்து, பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கி, நெட்டையையும் சேர்த்துக்கொள்ளும்வரை மெஷினைத் தொடுவதில்லை. ஆலை வாசலில் முறைபோட்டு உட்காருவது என்று முடிவாயிற்று.

"அறையை அவர் குடுக்கிறப்போ குடுக்கட்டும். முதல்ல நாம கட்டின தூளியை நாம அவுப்போம்" என்றாள் பெரியக்கா.

நாலு தூளியும் அவிழ்ந்தன. முதலாளி ஜன்னலில் நின்று, "எத்தனை நாளைக்குன்னு நானும் பாக்கறேன்" என்றார்.

"நாங்களும் அதைத்தான் பாக்கப் போறோம்" என்றாள் ஒருத்தி.

முறைபோட்டு உட்காருவதென்றால் குழந்தைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். "யாருகிட்ட விடறது?" என்ற கேள்வி வந்தது. நெட்டை கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க அவளுக்கு முகமில்லை.

பெரியக்கா தன் பத்து மாதக் கடைக்குட்டியை இடுப்பிலிருந்து இறக்கி, அவளிடம் நேராக வந்து நீட்டினாள்.

"என்கிட்டயா அக்கா? என் பிள்ளையையே நான்..."

"அதனாலதான்டி. இனிமே உன்னைவிட முழிச்சிட்டு இருக்கிறவ இங்க யாரு? பிடி."

நெட்டை கைகளை நீட்டினாள். குழந்தை கனமாக இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பெரியக்காவுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் தங்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.