நாற்பது மாடல் நைட்டி

கனகலட்சுமி நைட்டியை உதறித் தூக்கிப் பிடித்தாள். நைட்டியின் உடம்பில் ஊதாப் பூ. கையில் ஊதாக் கொடி.

மூட்டையிலிருந்து அடுத்ததை உருவினாள். கரும்பச்சை உடம்புக்கு வெளிர்பச்சைக் கை. அதற்கடுத்ததில் துணி சரியாக இருந்தது. ஆனால் டபுள் எக்ஸ்எல் உடம்பில் மீடியம் கை ஏறியிருந்தது. அவளுடைய தையல் யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏட்டி மாரிச்செல்வி, என்னட்டி இது?"

"எப்பவும் போலத்தான்க்கா தச்சோம்" என்றாள் மாரிச்செல்வி. தைத்த மூட்டையோடு வந்திருந்தவள் அவள்தான்.

எப்போதும் போலத் தைத்ததுதான் வினை. மாரிச்செல்வி செட்டியார்பட்டியில் தன் வீட்டிலேயே நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு தைப்பவள். யூனிட்டில் வெட்டி அனுப்பும் துணிக்கட்டுகளை அவிழ்த்து நடுவீட்டில் கொட்டிவிடுவார்கள். ஒருத்தி ஜிப் வைப்பாள், ஒருத்தி லேஸ். நாத்தனார் பரிபூரணத்துக்குக் கை மட்டும். கடைசியில் மாரிச்செல்வி மூட்டி முடிப்பாள். ஒரே பூ, ஒரே அளவுக் கை என்று இருந்தவரை எந்தக் கை எந்த உடம்பில் ஏறினாலும் பொருந்தியது. ஊர்ப்பேச்சும் சிரிப்புமாக வேலை பறந்தது. இந்த ஆர்டரிலோ நாற்பது மாடல். அதையும் அதே போலக் கொட்டிக் குவித்துத் தைத்துவிட்டார்கள்.

"கொட்டாதீங்கன்னு நீங்க சொல்லலையேக்கா."

சொல்லவில்லைதான். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஜிப் தேடி ராஜபாளையம் கடைகளில் அலைந்துகொண்டிருந்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

"பிரிச்சுத் தச்சுத் தாரோம்க்கா. செத்த நேரம் குடுங்க."

"எதப் பிரிக்க? ஓவர்லாக் மெஷின் ஓரத்த வெட்டிக்கிட்டேல்ல போயிருக்கு. பிரிச்சு மறுபடி அடிச்சா அக்குள்ல இறுக்கும். எவ வாங்குவா?"

சரக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வைகுண்டராஜ் கடைக்குப் போக வேண்டியது. ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தை நம்பி அவர் கேட்டிருந்தார். மற்ற கடைகளெல்லாம் வடக்கேயிருந்து வரும் சரக்குக்கு மாறிவிட்டன. யூனிட்டுக்கு மிஞ்சியது இந்த ஒரு கடைதான். இதுவும் கைவிட்டால் மெஷின்களுக்கு உறை மாட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

ஒழுங்காக இருந்ததைப் பொறுக்கி வேனில் ஏற்றினார்கள். எந்த மாடலிலும் எல்லா அளவும் சேரவில்லை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த கனகலட்சுமியின் கணவன் சேதுபதிதான் டிரைவர். "எங்க பட்டாளத்துல எல்லாருக்கும் ஒரே சட்டை. ஒரு குழப்பம் உண்டா?" என்றான்.

"அப்ப உங்க பட்டாளத்த வந்து நைட்டி வாங்கச் சொல்லுங்க. பேசாம வண்டிய எடுங்க."

வேன் ராஜபாளையம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தது.

வைகுண்டராஜ் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். நைட்டிகளைப் புரட்டிப் பார்த்தார்.

"பிஸ்தா பச்சையில எக்ஸ்எல் எங்கம்மா?"

"அதுல மட்டும் கொஞ்சம் கை மாறிப்போச்சு அண்ணாச்சி. பாக்க நல்லாத்தான் இருக்கு. யூனிட்லதான் கெடக்கு, கொண்டாந்து தாரேன். புது டிசைன்னு வச்சு வித்துருங்களேன்."

"விக்கலாம். ஸ்டிக்கர் எத ஒட்ட? கம்ப்யூட்டர்ல இல்லாத மாடலுக்கு பில்லே வராது."

அப்போது ஒரு பெண் செல்போனை நீட்டினாள். படத்தில் மாந்தளிர் நிற நைட்டி. ரெண்டு பக்கமும் பாக்கெட், கழுத்தில் பைப்பிங்.

"இதே மாதிரி இருக்கா?"

கடைப்பெண் அடுக்கடுக்காக எடுத்துப் போட்டாள். நிறம் இருந்தால் பாக்கெட் இல்லை. பாக்கெட் இருந்தால் அளவு இல்லை. மேஜை நிறைந்துவிட்டது. வந்தவள் எதையும் தொடாமல் படியிறங்கிப் போனாள்.

"பாத்தியாம்மா?" வைகுண்டராஜ் மேஜையைக் காட்டினார். "முன்னால ரெண்டு அலமாரிதான் நைட்டி. அம்புட்டும் வித்துரும். இப்ப மாடி பூரா நைட்டி. கேக்குறது மட்டும் இருக்காது. நான் ஒன்னியக் கோவிச்சு என்ன செய்ய? எனக்கே மூச்சு முட்டுது."

"தேர் வரைக்குமாவது நம்ம அலமாரிய விட்டு வையுங்க அண்ணாச்சி. தச்சுக் கொண்டாந்துருதேன்."

அவர் வாசலைப் பார்த்தார். வாசலில் ஒரு லாரி நின்றது. பார்சல் மூட்டைகளை இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"நீ ஜிப்புக்கு அலையுதன்னு கேள்விப்பட்டேன். பயந்துக்கிட்டு வடக்கயும் சொல்லிவச்சேன்" என்றார் தாழ்ந்த குரலில். "தப்பா எடுத்துக்கிடாத, இந்தச் சரக்கத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போ. தீபாவளிக்குப் பாப்போம். ஆனா அப்ப எண்பது மாடல் கேப்பாக. ஒரு நைட்டிய ஒரே ஆளு முழுசாத் தைக்கணும். கூட்டாத் தைக்கிறது இனி சரிப்படாது."

"சரி அண்ணாச்சி" என்றாள் கனகலட்சுமி.

கொண்டுவந்த மூட்டைகளைத் திரும்ப ஏற்றினார்கள். வேன் நகர்ந்ததும் போன் அடித்தது.

"என்னக்கா சொன்னாக?" மாரிச்செல்வி.

"ஒரு நைட்டிய முழுசா நீயே தைக்கணும்னு சொல்லுதாக."

"நான் தச்சுருவேன். மத்தவளுக?"

கனகலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இந்தா, பரிபூரணம் பக்கத்துலதான் நிக்கா. நீங்களே சொல்லுங்க" என்று மாரிச்செல்வி போனைக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, எந்தப் பூவா இருந்தாலும் இனிமே பாத்துப் பாத்துத் தைக்கேன்க்கா. கை மட்டும் எனக்கே குடுத்துருங்க. வேற எதுவும் தைக்கத் தெரியாது" என்றாள் பரிபூரணம். "நாளைக்கு வண்டி வருமா?"

கனகலட்சுமி போனைச் சேதுபதி பக்கம் நீட்டினாள். அவன் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வேண்டாம் என்று தலையசைத்தான். மறுமுனையில் பரிபூரணம், "அக்கா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.