யான்சன் அம்மாவின் பெருநாள் அப்பிள்

ஜேர்மனியில், ஆஹென் நகருக்குப் பக்கத்தில், எங்கள் தெருவில் நடப்பதெல்லாம் என் குசினி யன்னலுக்குத் தெரியும். நானாகப் பார்ப்பதில்லை. யன்னல் அப்படி அமைந்துவிட்டது.

எதிர்வீட்டு மாடியில் பரராசசிங்கம் அண்ணை குடியிருந்தார். கீழே வீட்டுக்காரி யான்சன் அம்மா. அவருடைய பழைய ஊரைத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் விழுங்கிவிட்டது. தேவாலயம், தோட்டம், கல்லறை எல்லாம் போய், மிஞ்சியது இந்த வீட்டு முன்வளவில் நின்ற ஓர் அப்பிள் மரம். ஊர் இடிபடுமுன் கணவர் கொப்பு வெட்டிவந்து ஒட்டியதாம். ஊர்ப் பெருநாளுக்குப் பழுப்பதால் பெருநாள் அப்பிள். விதை போட்டால் வேறு சாதிதான் முளைக்கும், ஒட்டினால்தான் அதே பழம். பழைய பழச்சாதிகளைத் தேடும் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்து, வேறெங்கும் இது இல்லையென்றும், மரம் உறங்கும் தை மாதத்தில் கொப்பு வெட்ட வருவதாகவும் சொல்லிப்போனார்.

1996 வைகாசியில் யான்சன் அம்மா படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மரத்தை அண்ணையிடம் ஒப்படைத்தார். அண்ணை குடிவந்த மூன்று வருடமும் அது காய்க்கவில்லை. பனி பூவைக் கொட்டிவிடுகிறது என்பார் அம்மா. அண்ணை அதை ஏற்பாரா? ஊரில், சாவகச்சேரியில், அறுபது தென்னை வைத்திருந்தவர். காய்க்காத தென்னைக்குச் செய்வதையே செய்தார். அடியைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, மாரியில் பனி உருக வீதிக்குத் தூவ வைத்திருந்த உப்புச் சாக்கை நிலவறையிலிருந்து தூக்கிவந்து பாதியைக் கொட்டினார்.

"என்ன அண்ணை, மரத்தை ஊறுகாய் போடுறியளோ?" என்று கேட்டேன்.

"அம்மா திரும்பி வரேக்க கொப்பு முறியக் காய்ச்சிருக்கவேணும், பிள்ளை. நீர் உம்மடை யன்னலைப் பூட்டும்."

ஆவணியில் இலையோரம் கருகியது. உப்புப் போதவில்லையென்று மிச்சத்தையும் கொட்டினார். நான் தமிழ் வீடுகளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஜேர்மன்காரர் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். கார்த்திகையில், ஆஸ்பத்திரியும் பராமரிப்பு இல்லமும் முடிந்து அம்மா வந்தபோது தெருவில் எல்லா மரமும் மொட்டைதான். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தையில் சங்கத்துக்காரர் ஏணியுடன் வந்தார். கிண்ணமொன்றைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் நானும் போயிருந்தேன். ஒரு கொப்பைக் கத்தியால் சுரண்டினார். உள்ளே மண்ணிறம். இன்னொன்று. உச்சிவரை ஏறினார். எங்கும் பச்சை இல்லை, மரம் பட்டுப்போயிருந்தது.

அண்ணை தொப்பியைக் கழற்றினார். உப்புப் போட்டது தானென்றும், தங்கள் ஊரில் காய்க்காத மரத்துக்கு அப்படித்தான் செய்வதென்றும் உடைந்த ஜேர்மனில் சொன்னார். யான்சன் அம்மா ஏசவில்லை. "எவ்வளவு போட்டாய்?" என்று மட்டும் கேட்டார்.

"முழுச்சாக்கும்."

அம்மா தலையாட்டினார், கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுக்கொண்டதுபோல.

சங்கத்துக்காரர் குறிப்புப் புத்தகத்தை விரித்தார். சுவையையாவது எழுதிவைக்கலாம் என்றார். அம்மா வாயைத் திறந்தார். "முதலில் புளிக்கும், பிறகு..." ஊன்றுகோலை ஊன்றி உள்ளே போய்விட்டார்.

சங்கத்துக்காரர் அண்ணையைப் பார்த்தார். இதே வீட்டில் இருப்பவர் நீங்கள்தானே, சொல்லுங்கள் என்றார்.

"நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை," என்றார் அண்ணை.

எட்டிப் பார்த்தேன். விரித்த பக்கத்தில் பழத்தின் பெயர் மட்டும் எழுதியிருந்தது.