ஏழு புள்ளி இரண்டு

பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தபோது வெர்னா பெல்டியே ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றுமில்லை. போனில்தான் இருந்தது. "ராய்ஸ் மிஷோ, அறுபத்தொன்பது வயது, பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு" என்றது ஒரு பெண் குரல். எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டது. ஐந்தைத் தாண்டினாலே புருவம் உயர வேண்டிய சங்கதி அது. ஏழு என்றால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடும். வெர்னா ஆசிரியையிடம் காது மிக அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்தாள். அதற்குள் அவளுடைய இதயமே இரண்டு தடவை நின்று கிளம்பியிருந்தது.

வெர்னாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. புதிதாகப் படித்து முடித்தவள். அதற்கு முன்னால் இருபத்தேழு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தாள். மெய்ன் மாநிலத்தின் அந்த வடகோடி மாவட்டத்தில் பாதிப் பேரை முதன்முதலில் கையில் ஏந்தியது அவள்தான். மீதிப் பேர் அவசரப்பட்டு காரிலேயே பிறந்தவர்கள். பிறகு என்ன தோன்றியதோ, மேற்படிப்பு படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆனாள். அதாவது, நோயாளியைத் தானே பார்த்து, தானே மருந்தெழுதித் தானே கையெழுத்துப் போடுகிற நர்ஸ். புதிதாகப் பட்டம் வாங்கியவர்களைத் தனியாக விட்டால் பயத்தில் ஓடிவிடுகிறார்கள் என்று அந்த ஊர் சுகாதார நிலையம் ஓராண்டுப் பயிற்சி வைத்திருந்தது. ஒவ்வொரு நோயாளியையும் பார்த்தபின் நடைபாதைக்கு வந்து, மேற்பார்வை டாக்டரிடம் நின்றபடியே ஒப்பிக்க வேண்டும்: வயது, புகார், கண்டது, செய்யப்போவது. வரிசை மாறக் கூடாது. மேற்பார்வை டாக்டர் எஸ்ராவுக்கு முப்பத்தொரு வயது. அவன் பிறந்த அன்று வெர்னா வார்டில் இருந்தாளா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இருந்தாள்.

"அறுபத்தொம்பது வயசு ஆண்," என்று ஆரம்பித்தாள். "புகார் ஒண்ணும் இல்ல. பொட்டாசியம் ஏழு ரெண்டு. பத்து நாளைக்கு முன்னாடி ரத்த அழுத்தத்துக்கு நான் கொடுத்த மாத்திரை."

"நாம கொடுத்த மாத்திரை," என்றான் எஸ்ரா.

"எழுதினது நான்தானே டாக்டர். நீங்க ஒரு எழுத்துகூட மாத்தல."

அதுதான் விஷயம். ஐந்து மாதப் பயிற்சியில் எஸ்ரா கைவைக்காமல் அப்படியே போன முதல் மருந்துச் சீட்டு அது. அன்று மாலை வெர்னா தனக்குத்தானே ஒரு கேக் வாங்கிச் சாப்பிட்டாள். ராய்ஸ் மிஷோ பத்தொன்பது வருடமாக டாக்டர் வாசல் மிதிக்காதவர். மனைவி நோயெல்லா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். "இந்த மாத்திரையால எனக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அவர் கேட்டபோது, "ஒண்ணும் ஆகாது" என்று வெர்னா அடித்துச் சொல்லியிருந்தாள். அந்த மாத்திரை சில பேருக்குப் பொட்டாசியத்தை ஏற்றும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் பத்து நாளில் ரத்தம் பார்க்கவும் சொல்லியிருந்தாள். நேற்று அவர் வந்து சேர்ந்தது சாயங்காலம், பரிசோதனைக் கூடத்து வேன் போனபிறகு. வெர்னாவே ரத்தம் எடுத்து, பத்திரப்படுத்தி, இன்று காலை வேனில் அனுப்பினாள்.

நோயெல்லாவுக்குப் போன் போட்டாள்.

"அவரா? ஏரியிலதானே இருக்காரு. காலைல அஞ்சு மணிக்கே போயாச்சு."

"அவரோட போனுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரே நோயெல்லா."

"எப்படி எடுப்பாரு? அது இங்க ரொட்டி டப்பாவுல கிடக்கு. மீனுக்குச் சத்தம் ஆகாதாம். ஏன், செத்துகித்துப் போயிடுவாரா?"

"சேச்சே," என்றாள் வெர்னா.

ஊருக்கு இருந்த ஒரே ஆம்புலன்ஸ், மூஸ் மானோடு மோதிய ஒரு லாரிக்காரரை ஏற்றிக்கொண்டு எண்பது மைல் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். எஸ்ரா இரண்டு நிமிடம் யோசித்தான். அவன் காத்திருப்பு அறையில் பதினோரு பேர். "ஈ.சி.ஜி. மெஷினைத் தூக்கிட்டுப் போங்க. நெஞ்சுல ஒட்டிப் பாருங்க. அலை கூடாரம் மாதிரி கூரா நிமிர்ந்திருந்தா, தரதரன்னு இழுத்துட்டு வாங்க. அவர் என்ன கத்தினாலும் சரி."

பிப்ரவரி மாதம் அந்த ஏரி ஒரு சின்ன டவுன். இரண்டடிப் பனிக்கட்டியின் மேல் அறுபது எழுபது மரக் குடில்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அடுப்பு, தரையில் ஒரு துளை, துளையை முறைத்துக்கொண்டு ஓர் ஆள். குடிலின் வெளிச்சுவரில் சொந்தக்காரர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது சட்டம். கரையில் காரை நிறுத்தி, யாரோ குழந்தையின் பிளாஸ்டிக் சறுக்குவண்டியை இரவல் வாங்கி அதில் மெஷினையும் ரத்தம் எடுக்கும் பையையும் கட்டி இழுத்துக்கொண்டு நடந்த வெர்னாவுக்குச் சட்டத்தின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. முதல் குடிலில் மிஷோ என்று எழுதியிருந்தது. கதவைத் தட்டினாள். அவர் வேறு மிஷோ. அடுத்ததிலும் மிஷோ. அந்த ஏரியில் மீன்களைவிட மிஷோக்கள் அதிகம். மீன்களாவது அவ்வப்போது இடம் மாறும்.

"எந்த ராய்ஸ்?" என்றார் நான்காவது மிஷோ. "காது மந்தமான ராய்ஸா, மாமியார்கூடச் சண்டை போட்ட ராய்ஸா?"

"நோயெல்லா புருஷன்!"

"அப்படிச் சொல்லும்மா. அந்தப் பச்சைக் குடிசை. ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு? உட்காரு, ஒரு மடக்கு காபி குடி."

பச்சைக் குடில் முந்நூறு தப்படியில் இருந்தது. அதன் புகைபோக்கியில் புகை இல்லை. அந்த முந்நூறு தப்படியில் வெர்னா பலவற்றை யோசித்தாள். நர்ஸாக இருந்த காலத்தில் எது நடந்தாலும் அதன் மேல் வேறு யாராவது ஒருவருடைய கையெழுத்து இருந்தது. கையெழுத்து என்பது இவ்வளவு கனமானது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சட்டப்படிப் பெயர் எழுதிய கதவுக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் ஸ்டூலில் சாய்ந்து, தூண்டில் கயிற்றைக் கையில் பிடித்தபடி, விறைத்துப்போய்... அவளே பூமிக்குக் கொண்டுவந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் தாத்தா என்று எண்ணப் பார்த்தாள். நான்கு. கதவைத் தட்டாமலே திறந்தாள்.

ராய்ஸ் மிஷோ வாய் திறந்து, கண் மூடி, சாய்ந்து கிடந்தார்.

"ராய்ஸ்!"

"கத்தாத தாயி," என்றார் கண்ணைத் திறக்காமல். "இப்பத்தான் ஒண்ணு மோந்து பாத்துட்டுப் போச்சு."

வெர்னா அவர் முன்னால் மண்டியிட்டாள். மண்டியிட்டபடியே விஷயத்தைச் சொல்லி, மூன்று கோட்டுகளையும் இரண்டு சட்டைகளையும் அவிழ்க்க வைத்தாள். பட்டன்கள் முடிவதாக இல்லை. நான்கு மிஷோக்கள் அவள் பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நரைமுடி மண்டிய நெஞ்சில் மெஷினின் பத்து ஒயர் ஒட்டுகளையும் ஒட்டி பட்டனை அமுக்கப் போகும் நேரத்தில், வெளியே ராய்ஸின் தூண்டில் ஒன்றில் மீன் கடித்ததும் அதில் பொருத்திய சின்னக் கொடி விருட்டென்று நிமிர்ந்தது.

"ராய்ஸு, கொடி!" என்று கத்தினார் ஒரு மிஷோ.

ராய்ஸ் ஒயர்களோடு எழுந்தார்.

"அசைஞ்சீங்க, நானே கொன்னுடுவேன்!" என்றாள் வெர்னா. பிரசவ வார்டில் ஊரையே அடக்கிய குரல் அது. ராய்ஸ் உட்கார்ந்தார். வாசலில் நின்ற நால்வரும்கூட எங்கே உட்காருவது என்று பார்த்தார்கள். மெஷின் கறமுறவென்று காகிதத்தைத் துப்பியது. கூடாரம் எதுவும் இல்லை. சாதுவான சின்னச் சின்ன மேடுகள், ஒன்றைப் போலவே ஒன்று, காகிதம் முடியும்வரை.

பனியின் நடுவே ஒரு மீன் வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். வெர்னா ஏறி நின்று எஸ்ராவிடம் ஒப்பித்தாள்: வயது, புகார், கண்டது. காற்றில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள். புகார் இல்லை என்று அவள் சொன்னபோது, "மீன் போச்சே, அது புகார் இல்லையா?" என்றார் கீழிருந்து ராய்ஸ்.

"அலை நல்லா இருக்கு. ஆனா ரத்தம் ஏழுன்னு சொல்லுதே," என்றான் எஸ்ரா. பிறகு, "நேத்து ரத்தம் எடுத்தீங்களே, ராத்திரி பூரா அதை எங்க வெச்சீங்க?"

"பத்திரமாத்தான் வெச்சேன். பிரிட்ஜுல."

"பிரிட்ஜுலயா?" என்றான் எஸ்ரா.

பிரசவ வார்டில் ரத்தக் குழாயைச் சுவரில் இருக்கும் துளையில் போட்டால் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறார்கள் என்று இருபத்தேழு வருடத்தில் வெர்னா யோசித்ததில்லை. வேன் போய்விட்டதும், அந்த ஊரில் யாரும் செய்யக்கூடியதைச் செய்தாள். கெடக் கூடாது என்று நினைப்பது எதுவானாலும், மான் இறைச்சியோ காட்டுப் பழமோ, குளிரில் வைப்பதுதான் அங்கே வழக்கம். அணுக்களைப் பிரித்தெடுக்காத ரத்தம் குளிரில் கிடந்தால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் கசிந்து வெளியே வந்துவிடும் என்பதை எஸ்ரா போனில் பொறுமையாகச் சொன்னான். நாலு மிஷோக்களும் ராய்ஸும் தலையாட்டிக் கேட்டார்கள்.

"அது உங்க தப்பு மட்டும் இல்ல. எங்க வெச்சீங்கன்னு நான் காலைலயே கேட்டிருக்கணும்," என்றான் எஸ்ரா. "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

வெர்னாவின் முகம் குளிரையும் மீறிச் சிவந்திருந்தது. ஆனால் வரிசையில் கடைசியாகச் சொல்ல வேண்டியது மிச்சம் இருந்தது. "மாத்திரையை நிறுத்தி வைக்கறேன். இங்கயே இன்னொரு தடவை ரத்தம் எடுத்து, நானே ஆஸ்பத்திரி லேபுக்குக் கொண்டுபோறேன். கதகதப்பா."

"போங்க," என்றான். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரிக் குளிரில் அந்த ரத்தக் குழாயை வெர்னா எங்கே வைத்துக் கதகதப்பாகக் கொண்டுபோனாள் என்று கேட்பது மரியாதை இல்லை. காரில் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. ஆஸ்பத்திரி வரை இருபத்திரண்டு மைலும் அவள் முட்டை அடைகாக்கும் கோழியைப் போல நிமிர்ந்தே உட்கார்ந்து ஓட்டினாள். லேபில் நாற்பது நிமிடம் காத்திருந்தாள். எதிரே சுவரில் கை கழுவுவது எப்படி என்ற படத்தை ஒன்பது தடவை படித்தாள். ஜன்னலைத் திறந்த பையன் சீட்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டபடி, "நாலு புள்ளி மூணு" என்றான்.

"திருப்பிச் சொல்லுங்க," என்றாள் வெர்னா. சொன்னான். "இன்னொரு தடவை." அதற்கும் சொன்னான். அவள் கார் நிறுத்தத்துக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். ஹாரன் அலறியது. அவள் நெற்றியை எடுக்கவில்லை; அது பாட்டுக்கு அலறட்டும் என்று விட்டுவிட்டாள்.

ரொட்டி டப்பாவில் கிடக்கும் போனுக்கு முடிவைச் சொல்ல முடியாது. அதனால் மறுபடியும் ஏரிக்கு வந்தாள். மெஷினும் சறுக்குவண்டியும் அங்கேதான் இருந்தன. வெயில் மேற்கே சாய்ந்து, குடில்களின் நிழல்கள் பனிமேல் நீண்டு கிடந்தன. பச்சைக் குடில் வாசலில் இப்போது ஒன்பது பத்துப் பேர் கூடியிருந்தார்கள். அவள் விட்டுப்போன ஈ.சி.ஜி. காகிதத்தை ராய்ஸ் கதவில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.

"நாலு மூணு!" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். "ஒண்ணும் இல்ல ராய்ஸ்! நல்லா இருக்கீங்க!"

"அதான் எனக்குத் தெரியுமே," என்றார் ராய்ஸ். என்றாலும் ஒரு பெருமூச்சு விட்டார். அது வெண்ணிறப் புகையாக வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. "இந்தா, இவனுங்ககிட்டச் சொல்லு. இது என் நெஞ்சுன்னா நம்ப மாட்டேங்கறானுங்க."

"மீன் பாக்கற மெஷின்ல ஏரித்தரை இப்படித்தான்யா தெரியும்," என்றார் காது மந்தமான ராய்ஸ், காகிதத்தின் மேட்டில் விரலை வைத்து. "இங்க பதினெட்டடி. இந்தப் பள்ளத்துல பெருசு ஒண்ணு படுத்திருக்கு பாரு."

ஆளாளுக்கு ஆழம் சொன்னார்கள். வெர்னாவும் எட்டிப் பார்த்து இருபதடி இருக்கும் என்றாள். அப்போது கூட்டத்தின் பின்னால், நின்றிருந்த பெரிய உருவம் ஒன்று, யாரையும் பார்க்காமல் ஏரியையே பார்த்துக்கொண்டு, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தது. பிறகு கோட்டின் மேல் பட்டனை அவிழ்த்தது. அடுத்ததை அவிழ்த்தது. வெர்னா சறுக்குவண்டியில் இருந்த மெஷின் முன் குனிந்து, குளிரில் விறைத்திருந்த ஒட்டுகளை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துச் சூடேற்றத் தொடங்கினாள்.